கம்பி மாற்றிய சாயங்காலம்

பிப்ரவரி 4

அன்புள்ள நண்டுக்கு,

அண்ணா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டுக்காரரின் முதுகுவலி தேவலையா என்று உன் அண்ணி கேட்கச் சொன்னாள்.

ஒரு செய்தி. சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு மேலே படி. நான் கிடார் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.

ஆசைப்பட்டுச் சேரவில்லை. ஜன்னல் கண்ணாடி கிழித்த இடது கையில் தையல் பிரித்து மூன்று மாதம் ஆகியும் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்க மாட்டேன் என்கின்றன. விரல் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் இருநூறு தடவை அமுக்கச் சொன்னாள். நான் இருபதைத் தாண்டவில்லை என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். "சார், உங்களுக்கு பந்து சரிப்படாது. கிடார் கத்துக்கங்க. விரல் தானா வழிக்கு வரும்" என்றாள். கதவு ஜன்னல் பொருத்திப் பிழைக்கிறவனுக்கு இரண்டு விரல் போனால் திருகாணியைப் பிடித்துக்கொள்ளக்கூட ஆள் தேட வேண்டும். அதனால் தலையாட்டிவிட்டேன்.

சலவைக் கடைக்கு மேலே ஒரு அறை. சனிக்கிழமை நான்கு மணிக்கு வகுப்பு. இஸ்திரி ஆவி தரை வழியாக ஏறி வருவதால் எல்லோருக்கும் வியர்க்கிறது, எனக்குக் கொஞ்சம் அதிகமாக. மொத்தம் ஏழு பேர். அதில் ஐந்து பேருக்கு இன்னும் பால்பல் முழுதாக விழவில்லை. பல கம்பியைச் சேர்த்து அழுத்துவதற்குக் கார்டு என்று பெயர், அவர்கள் ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறார்கள். நான் ஒவ்வொரு விரலாகத் தூக்கி, மற்ற கையால் எடுத்து வைக்கிறேன். அதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. போன வாரம் பக்கத்தில் இருந்த குட்டிப் பெண் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "அங்கிள், நீங்க மூச்சு விடலாம்" என்றாள். அறையே சிரித்தது. டீச்சரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

உனக்கு முன்னால் கிடார் என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. இருபத்தொன்பது வருடமாக நானும் எடுத்ததில்லை. இப்போது ஏன் எழுதுகிறேன் என்று உனக்குக் கோபம் வரும். வேறொருவர் சொல்லித் தெரிந்தால் இன்னும் கோபம் வருமே என்றுதான் எழுதுகிறேன். இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. அது இன்றைக்கு வரவில்லை.

உன் அண்ணன்


பிப்ரவரி 15

அண்ணாவுக்கு,

அவருடைய முதுகு பரவாயில்லை. வலி இருக்கிற இடம்தான் தினமும் மாறுகிறது. அண்ணியிடம் சொல்லிவிடு.

எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க "மூச்சைப் பிடிங்க, விடுங்க" என்று சொல்கிறவள் நான். என் அண்ணனுக்கு அதைச் சொல்ல ஒரு குட்டிப் பெண் வேண்டியிருக்கிறது. சிரித்தேன், மறைப்பானேன். சுவரில் காலண்டர் அரை விரற்கடை சாய்ந்திருந்தால்கூடச் சாப்பாட்டை விட்டு எழுந்து போய் நிமிர்த்துகிறவன் நீ. உனக்கு, சாய்வு பார்க்கிற உன் கருவியின் பெயரையே, ரசமட்டம் என்று வைத்தவளே நான்தான். அப்படிப்பட்டவன் ஏழு பேரில் கடைசியாக உட்கார்ந்திருக்கிறாய் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

கற்றுக்கொள். விரலுக்கு நல்லதென்றால் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டு. விரல் நுனி எரிந்தால் தண்ணீரில் வைக்காதே, தோல் ஊறிப்போய் காய்ப்பு பிடிக்காது. கம்பியை இரண்டு உலோகக் கோட்டுக்கு நடுவில் அழுத்தாமல் அடுத்த கோட்டை ஒட்டி அழுத்து, கொர்ரென்று இரையாது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எழுதாதே.

ஏன் என்று உனக்கே தெரியும். ஆனாலும் நீ எழுதிவிட்டதால் நானும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். கல்லூரி ஆண்டு விழா. எனக்குப் பதினேழு வயது. இடது கைக்காரி என்பதால் கம்பிகளை இடம் மாற்றிக் கட்டி, கிடாரைத் திருப்பிப் பிடித்து, சொல்லித்தர ஆள் இல்லாமல் நானே கற்றுக்கொண்டேன். என் சிநேகிதி குயில் பாட, நான் வாசிக்க வேண்டும். அன்று மத்தியானம் வரை எனக்குப் பரீட்சை. அதனால் கிடார் பெட்டியைக் காலையிலேயே குயில் அவள் அப்பா காரில் எடுத்துப் போனாள். மேடையில்தான் பெட்டியைத் திறந்தேன். முகத்தில் விளக்கு. கை பழக்கத்தில் விழுந்தது. வந்த சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எல்லாக் கம்பியையும் வலது கைக்காரருக்குக் கட்டுகிற மாதிரி மாற்றிக் கட்டியிருந்தாள். இருநூறு பேர் சிரித்தார்கள். அவள் நிறுத்தவே இல்லை, முழுப் பாட்டையும் தனியாகப் பாடிக் கைதட்டல் வாங்கினாள். "உன் சத்தத்துல என் குரல் கேக்கவே மாட்டேங்குது" என்று அதற்கு முந்தின வாரம்தான் சண்டை போட்டிருந்தாள். மேடைக்குக் கீழே எல்லோர் முன்னாலும் அவளைத் திருட்டு நாய் என்றேன். அதோடு சரி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு நாங்கள்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

நண்டு


மார்ச் 2

அன்புள்ள நண்டுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். போனில் சொல்லிவிடுங்கள் என்றாள் உன் அண்ணி. போனில் நீ அழுதால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

எங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்திருக்கிறார். போன சனிக்கிழமை தண்ணீர் குடிக்கப் போகும்போது கிடாரை நாற்காலியில் சாய்த்துவிட்டுப் போனார். பார்த்தேன். தடித்த கம்பி இருக்க வேண்டிய பக்கம் மெல்லிசுக் கம்பி. "பாவம், கடைக்காரன் ஏமாத்திட்டான். குடுங்க, நான் சரி பண்ணித் தரேன்" என்று முறுக்காணியில் கையை வைத்துவிட்டேன். டீச்சர் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அங்கிள், அவங்க இடது கை. அது அப்படித்தான் இருக்கணும்" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.  கிடாரை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன்.

குயில் இல்லை, நண்டு. கம்பியை மாற்றியது நான்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் நீ துணி தைக்கக் கொடுத்ததை வாங்கப் போயிருந்தாய். தூசி தட்டி வைக்கலாமே என்று பெட்டியைத் திறந்தேன். கம்பி வந்த கடை அட்டையில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், கம்பி தலைகீழாக இருந்தது. தலைப்பக்கம் கம்பி உட்காருகிற பள்ளங்களில் யாரோ அரம் போட்டு அகலப்படுத்தியிருந்தார்கள். அது நீ ராவியது என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய சாமானை எவனோ பாழ் பண்ணி உன் தலையில் கட்டிவிட்டான் என்று அவன்மேல் கோபப்பட்டேன். தடித்த கம்பியை மறு பக்கம் போட்டதும் பழைய பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதனால் நான் செய்தது சரிதான் என்று நினைத்தேன். துடைத்து, பெட்டியில் வைத்து மூடினேன். நீ வாசிக்கும்போது இன்னும் நன்றாகக் கேட்கும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரே பெருமை.

கதவுக்கு, அது திறக்கும் பக்கத்தை வைத்து, இடக்கை வலக்கை உண்டு என்று அப்போதே எனக்குத் தெரியும், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கூடப்பிறந்தவள் எந்தக் கையால் சாப்பிடுகிறாள் என்று பதினேழு வருடம் பார்த்திருக்கிறேன். எதற்கும் இடது கொடுக்கையே நீட்டுகிறாய் என்று, நண்டு என்று பெயர் வைத்ததே அதற்காகத்தான். அந்த நேரத்துக்கு மட்டும் அது மூளைக்கு எட்டவில்லை.

அது முட்டாள்தனம், போகட்டும். மறுநாள் நீ அழுதுகொண்டு வந்து "அவ கம்பிய மாத்திட்டாம்மா" என்று அம்மாவிடம் சொன்னபோது நான் சாப்பாட்டுத் தட்டோடு அங்கேதான் நின்றேன். அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

உன் அண்ணியிடம் நேற்றுதான் சொன்னேன். "இதை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் எப்படிங்க தூங்குனீங்க" என்று கேட்டாள். நன்றாகத்தான் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

என்ன வேண்டுமானாலும் எழுது.

அண்ணன்


மார்ச் 9

உன் கடிதம் வந்தது. இரண்டு நாள் லீவு போட்டேன். திரும்பிப் போன அன்று ஒரு எக்ஸ்ரே படத்தில் வலது இடது அடையாளத்தை மாற்றி ஒட்டிவிட்டேன், டாக்டர் கவனித்ததால் தப்பியது.

உன்னைத் திட்ட நான் நிறைய யோசித்து வைத்திருக்கிறேன். இப்போது வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுது.

அன்றைக்கு அப்படிக் கத்திவிட்டேனே தவிர, வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே சந்தேகமாக இருந்தது. அவள் அப்படிச் செய்கிறவள் இல்லையே என்று மனது அடித்துக்கொண்டது. தப்பு செய்யாதவளாக இருந்தால் வீடு தேடி வந்து சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். பதினொரு நாள் கல்லூரிக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காருவேன். அவள் வரவில்லை. வராததால்தான் அவள் செய்தாள் என்று முடிவு கட்டினேன். கிடாரே வேண்டாமென்று யாருக்கோ தூக்கிக் கொடுத்ததும் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பதினொரு நாளும் நீயும் வீட்டில் இருந்தாய். உங்கள் பட்டறையில் வேலை இல்லை என்று சும்மா இருந்தாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் காத்திருந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா?


மார்ச் 16

நண்டுக்கு,

தெரியும்.

இதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பாதியைச் சொல்லிவிட்டு, முழுதும் சொன்னவன் மாதிரி கையெழுத்துப் போட்டேன். நீ கேட்காமல் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

அவள் வந்தாள். இரண்டு தடவை வந்தாள்.

முதல் தடவை மூன்றாம் நாள். நான்தான் கதவைத் திறந்தேன். முகம் வீங்கியிருந்தது. "அண்ணா, நான் அந்தப் பெட்டிய தொறக்கவே இல்லண்ணா. ஒரு தடவ அவகிட்ட சொல்லிட்டுப் போயிடறேன்" என்றாள். தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் இரண்டு பேரையும் பேசவிட்டால், அவள் இல்லையென்றால் யார் என்று கேள்வி வரும். வீட்டில் அம்மாவை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

இரண்டாம் தடவை ஒரு வாரம் கழித்து. அவள் பேசுகிற சத்தம் கேட்டு நீ உள்ளேயிருந்து "யாருண்ணா, அவளா?" என்று கேட்டாய். கட்டில் கிரீச்சிட்டது, நீ எழுந்துவிட்டாய் என்று தெரிந்தது. நான் உள்ளே திரும்பி "யாரோ விலாசம் தப்பி வந்துட்டாங்க" என்றேன். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவளிடம் மெதுவாக, "உன் முகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டா, இனிமே வராதே" என்றேன். அவள் சாத்திய கதவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள். சண்டை போட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்று பிற்பாடு எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டதுண்டு. சொல்லியிருக்க மாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. விவரம் தெரியாத வயது என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கிடாரை எடுத்தால் கை கூசுகிறது.

அண்ணன்


மே 6

அண்ணாவுக்கு,

ஏழு வாரம் எழுதவில்லை. நீ இரண்டு தடவை போன் செய்தாய், அவரை எடுக்கச் சொன்னேன்.

முதலில் வகுப்பு. நிறுத்தினால் நல்ல மனுஷன் ஆகிவிடுவாயா? இந்த நாடகமெல்லாம் வேண்டாம். விரல் மடங்காமல் நீ வேலை இல்லாமல் உட்கார்ந்தால் சுமப்பது அண்ணி. மறுபடி போ. அந்தப் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இந்த ஏழு வாரமும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன், பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸில் வரும்போதும். ஆனால் என்னையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. காலையில் காரில் போன பெட்டியைக் கூட்டத்துக்கு நடுவில் திறந்து ஆறு கம்பியையும் கழற்றி மாட்ட அவளுக்கு நேரம் எங்கே? அவளுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். யோசிக்கப் பிடிக்கவில்லை. நான் நின்றுபோன இடத்திலிருந்து அவள் பாடினாள், எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கு வயிறு எரிந்தது. அவள்மேல் பழியைப் போட்டால் அந்த எரிச்சலுக்கு ஒரு நியாயம் கிடைத்தது. அவள் என்னைத் தேடி வர வேண்டும் என்று பதினொரு நாள் கிடந்தேனே, இரண்டு தெரு தாண்டி நான் போயிருக்கலாம். திருட்டு நாய் என்று சொன்ன வாய் என்னுடையது. அதை நீ சொல்லிக் கொடுக்கவில்லை.

விசாரித்து அவள் இருக்குமிடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். உன் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். தபால் நிலையத்தில் கவுண்டரில் இருக்கிறாளாம். விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நானே போகலாமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையம் வரை போய்த் திரும்பிவிட்டேன். எந்த முகத்தோடு போவது, சொல்.

நீ போ. கடிதம் எழுதாதே, நேரில் போ. கம்பியையும் சொல், வாசலில் சொன்னதையும் சொல், ஒன்றை விடாதே. நான் கூப்பிட்டதாகவோ மன்னிப்புக் கேட்டதாகவோ எதுவும் சொல்லாதே. என் நம்பரை மட்டும் கொடு. அவள் கூப்பிடாவிட்டால் அது அவள் இஷ்டம்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்டு எழுதாதே. எனக்குத் தெரியவில்லை.

நண்டு


மே 20

அன்புள்ள நண்டுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டாவது மாடி. பார்த்ததும் என்னைத் தெரியவில்லை. நண்டுவின் அண்ணன் என்றதும் முகம் மாறியது. "அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை, நன்றாக இருக்கிறாள் என்றேன். உட்காரச் சொன்னாள். மேசையில் மூக்குக் கண்ணாடியும் பாதி மடித்த துணிகளும் இருந்தன. வீட்டில் வேறு யாருமில்லை.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. "அந்தக் கம்பிய மாத்துனது நான்தாம்மா" என்றேன். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். நான் ஏன் மாற்றினேன், எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன், எல்லாம் சொன்னேன்.  "பாட்ட நிறுத்தாம பாடுனது எதுக்குன்னா, நான் பாடிட்டே இருந்தா அவ எங்கயாவது வந்து சேர்ந்துக்குவான்னு" என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லும்போதும் என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மேடை ஏறியதே இல்லையாம். திருட்டு நாய் பாட வந்திருக்கிறது என்று பின்னால் யாரோ சொல்வது போலவே இருக்குமாம்.

பிறகு வாசலில் சொன்னதைச் சொன்னேன். முகத்தில் முழிக்க மாட்டேன் என்று நீ சொல்லவே இல்லை, அது நானாகச் சொன்னது என்றேன். அப்போதுதான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவ எங்க இருந்தா?"

"உள்ள இருந்தா. உன் குரல் கேட்டு, யாரு, அவளான்னு கேட்டா."

"அவளான்னு கேட்டாளா?"

"கேட்டா. எந்திரிச்சுட்டா. நான்தான் விலாசம் தப்பி வந்தவங்கன்னு சொல்லிட்டேன்."

"இன்னொரு தடவ சொல்லுங்க. என்ன கேட்டா?"

மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவையும் சொல்லச் சொன்னாள். சொன்னேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். "உள்ள உக்காந்து கேட்டுட்டே சும்மா இருந்தான்னு நெனச்சேன். இருபத்தொம்பது வருஷமா அதத்தான் நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள்.  தண்ணீர் எடுத்துத் தரலாமென்றால் அது என் வீடு இல்லை. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். உண்மையைச் சொன்னால், திட்டினால் தேவலை என்று ஆசைப்பட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியைப் போட்டாள். "நம்பர் இருக்கா?" என்றாள். சீட்டைக் கொடுத்தேன். "சரி, நீங்க கெளம்புங்க. நான் அவகிட்ட பேசணும்" என்றாள். வாசல் வரைகூட வரவில்லை.

முதல் மாடி இறங்குவதற்குள் மேலே அவள் குரல் கேட்டது. நீ எடுத்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன். நின்று கேட்கக் கூடாது என்று இரண்டிரண்டு படியாக இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். அவள் உன்னிடம் முதலில் என்ன சொன்னாள் என்று அறிய ஆசையாக இருக்கிறது. அதை நீ எனக்கு எழுத வேண்டாம்.

அண்ணன்